ஆக்க எழுத்து: கற்பனைப் பாத்திரம் ஒன்றைப் படைத்தல்



“நான் ஒரு குடை பேசுகிறேன்” என்ற தலைப்பைக் கண்டதும் உங்கள் பேனா தானாகவே ஓடத் தொடங்கிவிடும். தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் தொங்கினேன், ஒருவர் வாங்கினார், கிழிந்தேன், இப்போது குப்பையில் கிடக்கிறேன். குடையை எடுத்துவிட்டுச் செருப்பை வைத்தாலும் இக்கட்டுரை அப்படியே பொருந்தும். அதுதான் இதன் குறை. பாடமாக்கிய கட்டுரையை விடைத்தாள் திருத்துபவர் முதற் பந்தியிலேயே இனங்கண்டு கொள்வார்.

இதற்கு ஒரு வழியை, சிறுபிள்ளைகளுக்குக் கதை கட்டக் கற்றுக்கொடுத்த ஒருவரிடமிருந்து பெறலாம். இத்தாலிய எழுத்தாளரான ஜியானி ரோதாரி (1920–1980) இளமையில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1970 இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் விருதைப் பெற்றார். 1972 இல் ரெஜ்ஜியோ எமிலியா நகரில் ஆசிரியர்களுடன் நடத்திய கலந்துரையாடல்களை விரித்து, 1973 இல் ‘கற்பனையின் இலக்கணம்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார்.

அவர் கூறும் உத்திகளுள் ஒன்று மிக எளியது. உங்கள் பாத்திரம் எப்பொருளால் ஆனது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அப்பொருளின் இயல்பே கதையை நகர்த்தும். கண்ணாடி மனிதன் என்றால் அவன் உடையக்கூடியவன். அவனுக்குள் இருப்பது வெளியே தெரியும். ஆகவே அவனால் பொய் சொல்ல இயலாது. 1962 இல் வெளிவந்த ரோதாரியின் கதைத் தொகுப்பில் இத்தகைய ஒரு சிறுவன் வருகிறான். கொடுங்கோலன் ஒருவன் அவனைச் சிறையிலடைக்க, சிறைச் சுவர்களும் கண்ணாடியாகி விடுகின்றன! 1883 இல் நூலாக வெளிவந்த கொலோடியின் பினோக்கியோவும் இவ்வகையினனே. மரப்பொம்மையாகிய அவன் தணலுக்கருகில் கால்வைத்து உறங்கியதால் பாதங்கள் எரிந்துபோயின.

இனி நாமே ஒருவனைப் படைப்போம். பனையோலையால் ஆன சிறுவன் என வைத்துக்கொள்வோம். ஓலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? காய்ந்தால் சலசலக்கும், எனவே ஒளித்துப் பிடித்து விளையாட்டில் அவன் எப்போதும் முதலில் அகப்படுவான். காற்றுக்கு அஞ்சுவான், கறையானுக்கு அதைவிட அஞ்சுவான். எழுத்தாணியால் கீறியது ஓலையை விட்டுப் போகாது. இதைத் தரம் 4 பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னபோது, பின்வாங்கில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “சேர், ஆரும் அவன்ர முதுகில பட்டப்பெயர் எழுதிப்போட்டா என்ன செய்வான்?” என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அக்கேள்வி ஒன்றே ஒரு கதைக்குப் போதும். நான் ஆயத்தம் செய்து கொண்டுபோன கதையை அன்று சொல்லவேயில்லை.

இயல்பு மட்டும் கதையாகாது என்பதையும் கவனியுங்கள். பாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டும். அந்த ஆசை அவனுடைய இயல்போடு மோத வேண்டும். கார்த்திகை விளக்கீட்டன்று நண்பர்களெல்லாம் கோயிலுக்குச் செல்கிறார்கள். ஓலைச் சிறுவனும் சொக்கப்பனை பார்க்க ஆசைப்படுகிறான். அது எதனால் கட்டப்பட்டது என்பதை அங்கு சென்ற பின்னரே காண்கிறான். தீ மூட்டப்போகிறார்கள். அவன் ஓடுவானா, நிற்பானா, கத்துவானா? “அவன் மிகவும் கவலையடைந்தான்” என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அவன் செய்ததை எழுதுங்கள்; கவலை தானே தெரியும்.

வீட்டில் சிறிய தம்பியோ தங்கையோ இருந்தால் இதை அவர்களோடு சேர்ந்து செய்து பாருங்கள். “பிறகு?” என்று மட்டும் கேளுங்கள், திருத்தாதீர்கள். “அப்படி நடக்காது” என்று ஒருமுறை சொன்னால் பிள்ளை வாய் மூடிவிடும். எழுத்துப்பிழைகளைக் கதை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி

1. கற்பூரம், சவர்க்காரம், மெழுகு ஆகியவற்றுள் ஒன்றால் ஆன பாத்திரத்தைத் தெரிவுசெய்க. அதனால் செய்ய இயலாத மூன்று செயல்களை எழுதுக.

2. அவற்றுள் ஒன்றையே அப்பாத்திரம் செய்ய ஆசைப்படுவதாகக் கொண்டு, ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு சிறுகதை எழுதுக. “நான் ... பேசுகிறேன்” எனத் தொடங்குதல் கூடாது.