வெயிலில் உறையும் பனி

பனிக்கட்டி என்றவுடன் இமயமலையும் துருவப் பிரதேசமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நல்ல வெயில் காயும் பகலில், மேகமற்ற வானில் பறக்கும் சிறு விமானத்தின் எஞ்சினுக்குள் பனி உறைந்து, அந்த எஞ்சினையே நிறுத்திவிடக்கூடும் என்றால் நம்ப முடிகிறதா? அது எப்படி என்று காண்போம்.

பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து செல்ல வேண்டும். கலந்து கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. அதன் குழாய் நடுவில் உடுக்கையின் இடைபோலக் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடுகிறது. விரைவு கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலியின் தேற்றத்தில் நாம் படித்ததுதான். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, நுண்துளிகளாகச் சிதறி ஆவியாகிறது.

ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? ஊசி போடுமுன் நர்ஸ் நம் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. கார்புரேட்டருக்குள் பெட்ரோல், தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைப் பறிக்கிறது. அழுத்தம் குறைவதும் குளிர்ச்சியைக் கூட்டுகிறது. இவ்விரண்டாலும் வெப்பநிலை 33 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரைகூட இறங்கிவிடலாம். வெளியே இதமான 20 டிகிரி, உள்ளேயோ உறைநிலைக்கும் கீழே! காற்றிலுள்ள ஈரம் திராட்டில் தட்டின் மீதும் குழாயின் சுவரிலும் பனியாகப் படிந்து வழியை அடைக்கிறது.

வெப்பம் 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேலும் இருக்கும்போது இந்த ஆபத்து மிகுதி என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு. 38 டிகிரி வெயிலிலும் 50 சதவிகித ஈரப்பதத்திலும்கூட இது நேரலாமாம்.

செஸ்னா 150 போன்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்தில் இதன் முதல் அறிகுறி, எஞ்சினின் சுழற்சி வேகம் காரணமின்றி மெல்லக் குறைவதுதான். விமானியின் முன்னால் இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால், புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்று கார்புரேட்டருக்குள் புகுந்து பனியை உருக்கும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை. குமிழை இழுத்ததும் எஞ்சின் தேறுவதற்குப் பதிலாக இன்னும் மோசமாகிறது! சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே சக்தி குறைகிறது. உருகிய நீர் எஞ்சினுக்குள் போகப்போக அது செருமுகிறது, உதறுகிறது. புதிதாகப் பழகும் விமானி பயந்துபோய்க் குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிட்டால் பனி வென்றுவிடும். சிறிது நேரம் பொறுத்தால் வேகம் தானே ஏறும். கசப்பு மருந்தை விழுங்கச் சொல்லும் பாட்டியின் பிடிவாதம் இங்கே தேவைப்படுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது தரையிறங்கும் வேளை. அப்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், அந்தச் சிறு இடுக்கை அடைக்கக் கொஞ்சம் பனியே போதும். எஞ்சின் மெதுவாக ஓடுவதால் சக்தி குறைந்ததும் தெரியாது. ஓடுபாதை சரியாக அமையவில்லை, மீண்டும் மேலே எழும்பலாம் என்று திராட்டிலைத் திறக்கும்போதுதான் எஞ்சின் கைவிடுகிறது. கீழே தரை நெருங்கிவிட்டது! ஆகவே சக்தியைக் குறைப்பதற்கு முன்பே குமிழை இழுத்துவிட வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். எஞ்சின் நின்றபின் இழுத்துப் பயனில்லை. மருந்தாகும் சூடு அந்த எஞ்சினிலிருந்தே அல்லவா வர வேண்டும்!

1996-இல் வெளிவந்த செஸ்னா 172ஆர் மாதிரியில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோல் நேராக ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலருகே பீச்சப்படுவதால் இத்தொல்லை அதற்கில்லை. ஆயினும் கார்புரேட்டர் பொருத்திய பழைய விமானங்கள் இன்றும் ஏராளமாகப் பறக்கின்றன.

அவற்றில் ஒன்று இப்படி விழுந்துவிட்டால் விசாரணை செய்வோர் பாடு திண்டாட்டம்தான். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்ப்பதற்குள் பனி உருகிக் காய்ந்துபோயிருக்கும். எஞ்சினில் ஒரு பழுதும் தென்படாது. அன்றைய வெப்பம் என்ன, ஈரப்பதம் என்ன, அந்தக் குமிழ் இழுத்திருந்ததா இல்லையா என்பவற்றைக் கொண்டுதான் அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது.