சாணவண்டுகளைத் தேடிச் சென்ற பூச்சி சாஸ்திரி

மாட்டுச் சாணத்தின் அருமையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மந்தை போகும் வழியில் விழுந்த சாணம் ஆறுமுன்னரே யாரேனும் கூடையுடன் வந்து எடுத்துச் செல்வதை நம் கிராமங்களில் காணலாம். கைக்கு எட்டாமல் மேய்ச்சற்காட்டில் கிடப்பதையோ சாணவண்டுகள் உருட்டிச் சென்றும், கிடந்த இடத்திலேயே குழி பறித்தும் மண்ணுக்குள் சேர்த்துவிடுகின்றன. கூலி கொடாமல் நடக்கும் வேலையாதலின் இதன் மதிப்பு எவருக்கும் தோன்றுவதில்லை. இவ்வேலை நடைபெறாத ஒரு தேசத்தில் நேர்ந்த கஷ்டமும், அதற்குப் பரிகாரம் தேடிய ஜார்ஜ் போர்னெமிஸ்ஸா என்பவரின் சரித்திரமும் இங்கே கூறப்படும்.

இவர் 1924-ம் வருஷம் ஹங்கேரி தேசத்திற் பிறந்தவர். சிறுவயது முதலே வண்டுகளைச் சேகரிப்பதில் ஈடுபட்டவர். யுத்தத்திற்குப் பின் தாய்நாட்டை விட்டு ஆஸ்திரியாவுக்குச் சென்று, இன்ஸ்ப்ரூக் சர்வகலாசாலையில் பிராணி சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1950-ம் வருஷக் கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்து குடியேறினார்.

வந்த சில மாதங்களில், பெர்த் நகருக்குக் கிழக்கே வூரலூ என்னும் ஊரின் மேய்ச்சல் நிலத்தில், காய்ந்த சாண வறட்டிகள் கணக்கின்றிப் பரந்து கிடப்பதை அவர் கண்டார். உள்ளூரார் கண்களுக்கு அது பழகிய காட்சி. ஹங்கேரியின் புல்வெளிகளில் வண்டுகள் சாணத்தைச் சிதைத்துப் புதைப்பதைக் கண்டு வளர்ந்தவருக்கோ அது விபரீதமாகத் தோன்றிற்று. வண்டு இல்லாத தேசமா என்றால் அதுவும் அன்று. ஆஸ்திரேலியாவுக்கே உரிய சாணவண்டு இனங்கள் பல நூறு உண்டு. ஆனால் அவை கங்காரு முதலிய பிராணிகளின் சிறிய, உலர்ந்த புழுக்கைகளுக்குப் பழகியவை. மாடுகளோ 1788-ம் வருஷத்தில் வெள்ளையருடன் கப்பலில் வந்தவை. அவற்றின் பெரிய, ஈரமான சாணத்தைக் கையாளும் இனங்கள் மிகச் சிலவே. மாடு வந்தது, மாட்டுக்குரிய வண்டு வரவில்லை.

இதனால் விளைந்த நஷ்டம் சிறிதன்று. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணமிடும். ஒவ்வொன்றும் தன்னடியிலுள்ள புல்லை மாய்ப்பதுடன், சுற்றி முளைக்கும் செழிப்பான புல்லையும் மாடு தீண்டாதபடி செய்கிறது. தழைச்சத்தின் பெரும்பாகம் அமோனியா வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. மேலும், கால்நடையின் இரத்தத்தை உறிஞ்சும் எருமை ஈயும், மனிதரின் கண்ணையும் மூக்கையும் மொய்க்கும் புதர் ஈயும் இச்சாணத்திலேயே முட்டையிட்டுப் பெருகின.

குழி பறிக்கும் வண்டின் வேலை கவனிக்கத்தக்கது. ஆணும் பெண்ணும் சாணத்தின் அடியில் சுரங்கம் தோண்டிச் சாணத்தைக் கீழே கொண்டுபோய் உருண்டைகளாகத் திரட்டும். உருண்டைக்கு ஒரு முட்டையாகப் பெண்வண்டு இட்டு மூடிவிடும். உள்ளே பொரிக்கும் புழு அவ்வுருண்டையையே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாக வெளிவரும். வண்டுகள் மிகுந்திருந்தால் ஓரிரு நாளில் சாணம் மறைந்துவிடும். ஈயின் புழு வளர இடமிராது. சுரங்கங்களின் வழியே மழைநீர் மண்ணுள் இறங்கும். எருவும் வேர்களுக்கு அருகிலேயே கிடைக்கும்.

போர்னெமிஸ்ஸா 1955-ல் ஆஸ்திரேலிய சர்க்காரின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி ஸ்தாபனத்திற் சேர்ந்தார். அந்நிய வண்டுகளைத் தருவிக்க அவர் எழுப்பிய யோசனை 1965 முதல் 1985 வரை ஒரு பெருந்திட்டமாக நடைபெற்றது. முதல் இனங்கள் ஹவாயிலிருந்து வந்தன. பின்னர் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் நிலையம் அமைத்துத் தேடுதல் நடந்தது. வண்டுடன் கோமாரி முதலிய நோய்கள் புகாதிருக்க எடுத்த ஜாக்கிரதை பாராட்டத்தக்கது. வண்டுகளை நேரே விடாமல், முட்டைகளை மட்டும் எடுத்து, பார்மலின் திராவகத்திற் கழுவி விமானத்தில் அனுப்பினர். ஆஸ்திரேலியாவில், கையால் திரட்டிய சாண உருண்டைகளுள் அவற்றை வைத்துப் பொரிக்கச் செய்தனர்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்று கேட்பவர்கள், அதே தேசத்தில் 1935-ல் நடந்ததை அறியவேண்டும். கரும்பின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவின் தாய்வண்டுகளை ஒழிப்பதற்கென ஹவாயிலிருந்து ஒரு தேரையைக் கொணர்ந்து விட்டனர். தேரை கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. தானே பெருகித் தீராத தொல்லையாயிற்று. பிற்காலத்தில் சாணத்தருகே காத்திருந்து சாணவண்டுகளையும் அது விழுங்கிற்று.

திட்டத்தில் ஏறத்தாழ 17 லட்சம் வண்டுகள் வெளியில் விடப்பட்டன. அவை 43 இனங்கள். நிலைத்தவை 23 மட்டுமே. இதைத் தோல்வியாகக் கொள்வது தவறு. மணற்பாங்கில் உழைப்பது களிமண்ணில் உழையாது. கோடைமழைச் சீமையின் வண்டு மாரிமழைச் சீமையில் உரிய காலத்தில் வெளிவராது. எனவே தென்பாகத்திற்கென ஐரோப்பாவின் தென்கரை வண்டுகளையும் தருவிக்க வேண்டியதாயிற்று. புதர் ஈ பல ஜில்லாக்களில் வெகுவாகக் குறைந்தது. வடக்கில் எருமை ஈ இன்றும் ஒழிந்தபாடில்லை.

வண்டு நிலைத்த பின்னரும் அதைக் காப்பது மாடு வைத்திருப்பவர் கையிலுள்ளது. குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளின் ஒரு பாகம் சாணத்தில் வெளிப்பட்டு, வண்டின் புழுக்களைக் கொன்றுவிடும். வண்டுகள் முட்டையிடும் மழைக்காலத்தில் தேவையின்றி முழு மந்தைக்கும் இம்மருந்தைக் கொடுப்பது, வரும் பருவத்தின் உழைப்பாளிகளை முன்னதாகவே மாய்ப்பதாகும். எப்பசுவுக்கு எப்போது வேண்டும் என்பதைக் கால்நடை வைத்தியரைக் கேட்டுச் செய்தல் நலம்.

போர்னெமிஸ்ஸா பிற்காலத்தில் டாஸ்மேனியாத் தீவில் வசித்து, அங்குள்ள பழங்காடுகளில் மட்கும் மரங்களை அண்டி வாழும் கொம்பு வண்டுகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஓர் இனத்திற்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தமது தொண்ணூறாம் வயதில், அவர் காலமானார்.