பலவீனப்பட்ட இருதயமும் உறையும் இரத்தமும்



தேக்கம் என்ற சொல்லை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. கிட்டங்கியில் இறங்கிய சரக்கு நாள்தோறும் கைமாறிக் கொண்டிருந்தால் கெடுவதில்லை. மூலையில் ஒதுக்கிய மூட்டையோ சில மாதங்களில் கட்டிபிடித்துப் போகிறது. நம் சரீரத்தில் ஓடும் இரத்தமும் அப்படித்தான். ஓடும்வரை அது உயிரைக் காக்கிறது; தேங்கினால் உறைந்து கட்டியாகிறது. இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அது ஏன் என்பதையும், அதைக் கூட்டுகிற காரணங்கள் யாவை என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

சுகமான இருதயத்தின் இடது கீழறை, தன்னுள் நிறைந்த இரத்தத்தில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்குவரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது. மாரடைப்பாலோ, நெடுநாள் இரத்தக் கொதிப்பாலோ தளர்ந்த இருதயம் 40 பங்குக்கும் குறைவாகவே தள்ளக்கூடும். மிச்சம் உள்ளே தங்குகிறது. கால்களிலிருந்து திரும்பி வரவேண்டிய இரத்தமும் வழியில் தாமதிக்கிறது. மாலையில் காலில் வீக்கம் காண்பதற்கு இது ஒரு காரணம்.

ஜெர்மானிய வைத்திய மேதை ருடால்ஃப் விர்கோ (1821–1902), காலில் உறைந்த கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலை அடைக்கும் என்பதை நிலைநாட்டியவர். இரத்தம் உறைவதற்கு அவர் பெயரால் வழங்கும் காரணங்கள் மூன்று: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் கெடுவது, இரத்தமே உறையும் தன்மை மிகுவது. பலவீன இருதயம் உள்ளவரிடத்தில் இம்மூன்றும் ஒன்றுசேரக் கூடும்.

இனி, அபாயத்தைக் கூட்டுகிறவற்றை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

முதலாவது, தாளம் தவறிய நாடி. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நோய் ஒன்றுண்டு. அப்போது இடது மேலறையின் ஓரத்திலுள்ள பை போன்ற மூலையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பர். அத்துடன் இருதயப் பலவீனம், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, முதிய வயது, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவை சேரச் சேர அபாயம் கூடுகிறது. டாக்டர்கள் இவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டித்தான் மருந்தைத் தீர்மானிக்கிறார்கள்.

இரண்டாவது, பெரிய மாரடைப்பு. அடிபட்ட கீழறைச் சுவர் அசையாமல் நிற்கும் இடத்தில் கட்டி உண்டாகலாம். முதல் மூன்று மாதங்களில் இதற்கான எச்சரிக்கை மிக வேண்டும்.

மூன்றாவது, அசைவின்மை. படுத்த படுக்கையாகக் கிடப்பது, அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், முன்பே காலில் இரத்தம் உறைந்திருப்பது ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. காலையில் கல்லாவின் முன் அமர்ந்து இரவு கடை அடைக்கும்வரை எழாத நம் பழக்கமும் நல்லதன்று. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பிரயாணம் செய்வோருக்கு இவ்வபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. விமானத்திற்கு மட்டுமன்று, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கே சுமார் நான்கு மணி நேரம். உம்ராவுக்கு ஜித்தா செல்வதோ அதனினும் இரட்டிப்பு. ஆகையால் இருக்கையில் இருந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். இடையிடையே எழுந்து நடவுங்கள்.

நான்காவது, உடல் வறட்சி. பலவீன இருதயத்துக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அதோடு வாந்தி பேதியோ, நீண்ட பட்டினியோ சேர்ந்தால் இரத்தம் தடிக்கிறது. அதற்காக மனம்போல் தண்ணீர் குடிப்பதும் கூடாது. நுரையீரலில் நீர் கோக்கும். அளவை டாக்டரிடமே கேளுங்கள். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே அவரைக் கண்டு, நோன்பு பிடிக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது, அதை ஏற்பதில் வெட்கம் இல்லை.

ஐந்தாவது, மருந்தைத் தாமே நிறுத்துவது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊருக்குப் போகும் சமயத்தில் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை விட்டுவிட்டார். மூன்றாம் வாரம் வலப்பக்கம் விழுந்தது. இன்று அவர் இடக்கையால் கையொப்பம் இடுகிறார். கடைக் கணக்கை மகன் பார்க்கிறான்.

“வார்ஃபரின் எலி மருந்தாமே!” என்று பயந்து நிறுத்துவோரும் உளர். அமெரிக்காவில் கெட்டுப்போன புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மடிந்ததை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து அது. 1948-ல் எலி மருந்தாக வந்ததும் உண்மை. 1954-ல் மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்டதும், மறு ஆண்டே மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கொடுக்கப்பட்டதும் உண்மையே. அளவில்தான் விஷமும் மருந்தும் பிரிகின்றன. ஆகையால்தான் அடிக்கடி இரத்தம் சோதிக்கிறார்கள். கீரையை அறவே விடவேண்டாம். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்றில்லாமல் ஒரே அளவாக உண்ணுங்கள். நாட்டு மருந்தோ சீன மருந்தோ உட்கொள்ளுமுன் சொல்லுங்கள். ஹிஜாமா செய்துகொள்ளுமுன் டாக்டரின் அனுமதி பெறுங்கள். இரத்தம் எளிதில் நிற்காது. அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு. அவற்றின் காவல் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்பதால், ஒரு வேளையும் தவறலாகாது.

ஒன்று சொல்ல வேண்டும். இருதயம் பலவீனம் என்ற ஒன்றுக்காக மட்டும் எல்லோருக்கும் இம்மருந்து தேவையில்லை. நாடி ஒழுங்காக இருந்து, கட்டியும் இல்லாதவருக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை. இரத்தக் கசிவின் கெடுதல் நன்மையை மிஞ்சக்கூடும். நண்பருடைய மாத்திரையை வாங்கி விழுங்குவது பெருந்தவறு.

ஆபத்தின் அடையாளங்களை வீட்டாருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் சொல்லி வையுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், வாய் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கடை அடைக்கும்வரை காத்திராதீர்கள். சிங்கப்பூரில் 995-க்கும், மலேசியாவில் 999-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்கல் வைக்கக் கற்றவர்கள் நாம். மருந்தும் நடையும் எச்சரிக்கையும் அந்தக் கயிறு. ஆயுளும் ஆரோக்கியமும் அல்லாஹ்வின் கையில். இதைப் படித்தவர்கள் இன்று ஒரு காரியம் செய்யுங்கள்: மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடியைப் பாருங்கள். தாளம் தவறினால் நாளைக்கென்று தள்ளாமல் டாக்டரைக் காணுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.