ஜாஸும் மனோதர்மமும்

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் ஜாஸ் இசையின் பாணிகளை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகர் ஒருவர், கந்தப்பளை

பதில்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களும் ஊர்வல வாத்தியக் குழுக்களின் இசையும் கலந்து உருவான ஜாஸ், 1930களில் பெரிய குழுக்கள் நடனத்துக்கு வாசித்த ஸ்விங் பாணியாகவும், 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்த, விரைவும் நுட்பமும் மிக்க பீபாப் பாணியாகவும் விரிந்தது. 1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' இசைத்தட்டு நிலைநிறுத்திய மோடல் பாணியோ, அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளைத் தவிர்த்து, ஒரே சுரவரிசைக்குள் நெடுநேரம் கற்பனையை விரிப்பது. ஆகவே, ராக ஆலாபனையில் தோய்ந்தவர்களுக்கு அதுவே மிகப் பொருத்தமான வாயில்.

அடுத்துக் கேட்கத்தக்கது, ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம், தபேலா சாகிர் உசேன் ஆகியோருடன் 1970களில் அமைத்த 'சக்தி' குழுவின் இசையாகும். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர் என்பதும், 1958 இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்றது என்பதும் இந்நாட்டவர் மறக்கலாகாத வரலாறு.

கேட்கும்போது முதலில் மூல மெட்டை மனத்தில் இருத்தி, பின்னர் தனிவாசிப்பு அதிலிருந்து எவ்வாறு விலகுகிறது, பக்கவாத்தியங்கள் அதற்கு எவ்வாறு மறுமொழி தருகின்றன என்பதைக் கவனித்தால், கற்பனாசுரத்தை ரசிக்கும் அதே பயிற்சியே ஜாஸுக்கும் துணைநிற்கும்.