11 மணிப் பசிக்கு என்ன செய்யலாம்?

மதுரையில் என் சித்தி வீட்டில் காலை 8 மணிக்கு இட்லி. நான்கு சாப்பிட்டு, வயிறு நிறைந்துதான் எழுந்திருப்பார். 11 மணி ஆனால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்கும். ஒரு கை மிக்சர். அரை மணி கழித்து இன்னொரு கை. "பசின்னு சொல்ல முடியலப்பா, கை தானா டப்பாவுக்குப் போகுது. எனக்கு வாயைக் கட்டத் தெரியல" என்று தன்னையே நொந்துகொள்வார்.

ஒருநாள் அவர் பரிமாறும்போது பக்கத்தில் நின்றேன். சாம்பாரை இறக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பருப்பெல்லாம் அடியில் தங்கிவிட, மேலே மஞ்சள் தண்ணீரில் கொத்தமல்லி மிதந்தது. பிள்ளைகளுக்குக் கரண்டியை அடிவரை விட்டுக் கெட்டியாக எடுத்து ஊற்றினார். தனக்கு மேலாக மோந்து ஊற்றிக்கொண்டார். அந்தத் தட்டில் அரிசி இருந்தது, புளி இருந்தது, காரம் இருந்தது. பருப்பு மட்டும் இல்லை. 11 மணிக்குக் கை டப்பாவுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயிறு நிறைந்த பிறகும் வரும் பசியைக் குறைக்க வீட்டுச் சமையலிலேயே என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உடல் எதைத் தேடுகிறது?

ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ரோபென்ஹைமர் என்ற இரு உயிரியலாளர்கள் முதலில் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்தார்கள். புரதம் குறைவான தீனியைக் கொடுத்தால், தேவையான புரதம் கிடைக்கும்வரை வெட்டுக்கிளி கூடுதலாகத் தின்றது. மனிதருக்கும் இது பொருந்தலாம் என்று 2005-இல் எழுதினார்கள். 2011-இல் வெளியான சிட்னி பல்கலைக்கழக ஆய்வில் 22 பேருக்கு, சுவையில் வேறுபாடு தெரியாதபடி, புரத அளவு மாறுபட்ட உணவுகளை நான்கு நான்கு நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். உணவின் ஆற்றலில் புரதத்தின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, அவர்கள் உட்கொண்ட மொத்த கலோரி சுமார் 12 சதவீதம் கூடியது. கூடிய பங்கு பெரும்பாலும் வேளைகளுக்கு நடுவே கொறித்த உப்புத் தின்பண்டங்களிலிருந்து வந்தது.

சித்தியின் மிக்சர் டப்பாவை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். புரதம் நிறைந்த கறி, மீன், பருப்பு எல்லாமே நம் சமையலில் உப்பும் காரமுமாகத்தான் தட்டுக்கு வருகின்றன. அதே ருசி மிக்சரிலும் சிப்ஸிலும் இருக்கிறது. ருசி கிடைத்தும் புரதம் போதிய அளவு கிடைக்காததால் கை மறுபடியும் டப்பாவைத் தேடுகிறது.

புரதம் குடலுக்கு வந்ததும் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் இறங்குகிறது. அரிசி, மைதா உணவை விட இந்த நிறைவு அதிக நேரம் நிற்கிறது.

தொடங்கும் முன்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். அவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். வளரும் பிள்ளைகளின் பசியைக் குறைக்க இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 1: உங்கள் அளவைக் கணக்கிடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு சுமார் 50 கிராம்.

நம் வீட்டுப் பொருள்களில் தோராயமாக இருப்பது இவ்வளவு:

- இட்லி ஒன்று: 2 கிராம்
- வெந்த சோறு 100 கிராம்: 2.5 கிராம்
- முட்டை ஒன்று: 6 கிராம்
- பால் அல்லது தயிர், ஒரு டம்ளர் (200 மில்லி): 6 கிராம்
- வேகாத பருப்பு, கொண்டைக்கடலை அல்லது பயறு, ஒரு கைப்பிடி (40 கிராம்): 8 முதல் 9 கிராம்
- வேர்க்கடலை 30 கிராம்: 7 கிராம்
- மத்தி மீன் அல்லது கோழிக்கறி 100 கிராம்: ஏறக்குறைய 20 கிராம்

படி 2: மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல், சாப்பிட்டதை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவில் கொறித்ததையும் விடாதீர்கள்.

சித்தியின் ஒருநாள் கணக்கு இது. நான்கு இட்லியும் தெளிந்த சாம்பாரும் 9 கிராம். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், கொஞ்சம் தயிர் சேர்ந்து 15. இரண்டு டீ 3. இரவு மூன்று தோசையும் தேங்காய்ச் சட்னியும் 10. மொத்தம் 37. அவருடைய எடை 60 கிலோ. பற்றாக்குறை 13 கிராம் மட்டுமே. ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு முட்டையும் அதைச் சரிக்கட்டிவிடும். புரதப் பவுடருக்கு இங்கே வேலையே இல்லை.

படி 3: காலை உணவிலிருந்து தொடங்குங்கள்

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போனால் வீட்டில் யாருக்கும் ஒத்துவராது. முதல் வாரம் காலை மட்டும். 15 கிராம் அளவுக்கு வந்தால் போதும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்:

- மூன்று இட்லி, கெட்டி சாம்பார், ஒரு அவித்த முட்டை.
- இரண்டு அடை. அரிசி ஒரு பங்குக்குப் பருப்பு வகைகள் ஒரு பங்கு போட்டு அரைத்தால் ஒரு அடையில் ஏறக்குறைய 7 கிராம் கிடைக்கும்.
- இரண்டு பாசிப்பயறு தோசையும் ஒரு டம்ளர் பாலும்.

சட்னி அரைக்கும்போது தேங்காயில் பாதியைக் குறைத்து வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ சேருங்கள். கஞ்சியை விட மென்று தின்னும் உணவு பசியை நன்றாகத் தாங்கும். சத்துமாவுக் கஞ்சிதான் பழக்கம் என்றால் கூடவே ஒரு கிண்ணம் பயறு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கரண்டியை அடிவரை விடுங்கள்

நான்கு பேருக்கு ஒரு வேளைச் சாம்பாருக்குத் துவரம்பருப்பு 100 கிராமாவது போடுங்கள். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் அடியோடு கலக்குங்கள். கலக்கி ஊற்றினால் ஒருவருக்கு 5 கிராமுக்கு மேல் வரும். சமைத்தவருக்கும் அதே கெட்டி சேர வேண்டும். நம் வீடுகளில் கடைசியில் உட்காரும் பெண்களின் தட்டில்தான் பருப்பும் மீன் துண்டும் முதலில் குறைகின்றன. முதலிலேயே அவர்களுக்கு எடுத்துவைத்துவிடுவது நல்ல வழக்கம்.

அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் கிடைக்கிறது. அதனால் சோற்றை ஒதுக்கத் தேவையில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி கூட்டு வைத்தால் போதும்.

படி 5: சாப்பிடும் வரிசையை மாற்றுங்கள்

மதியம் உட்கார்ந்ததும் பொரியல், கூட்டு, முட்டை, மீன் இவற்றில் பாதியை முதலில் தின்றுவிட்டு, பிறகு சோற்றைப் பிசையுங்கள். காய்கறியும் புரதமும் முன்னால் போனால், சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. நிறைவு தெரியச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் முன் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

படி 6: டப்பாவில் வேறொன்றை வையுங்கள்

டப்பாவை ஒளித்துவைத்தால் தேடும் ஆசை கூடும். அதே டப்பாவில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்து வையுங்கள். சின்னக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். வேர்க்கடலையில் எண்ணெய்ச் சத்தும் அதிகம் என்பதால் அளவு முக்கியம்.

மாலை 4 மணிக்குச் சுண்டல். ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, உப்புப் போட்டுக் குக்கரில் மலர வேகவைத்து, கடுகு, பெருங்காயம், இஞ்சி தாளியுங்கள். வாயுத் தொல்லை உள்ளவர்கள் பாசிப்பயறில் தொடங்கிப் பழகலாம். சுண்டலில் புரதத்தோடு நார்ச்சத்தும் இருப்பதால் நிறைவு இன்னும் அதிக நேரம் நிற்கும். உளுந்து வடையிலும் புரதம் உண்டு. ஆனால் எண்ணெயும் கூடவே வருவதால் தினமும் வேண்டாம்.

கொறிக்கத் தோன்றும்போது உங்களையே ஒன்று கேளுங்கள்: "இப்போது ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ கொடுத்தால் சாப்பிடுவேனா?" ஆம் என்றால் அது பசி, சாப்பிடுங்கள். மிக்சர்தான் வேண்டும் என்று தோன்றினால் அது நாக்கின் கேள்வி. ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

படி 7: இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள்

எடையைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள். காலை உணவுக்குப் பின் முதல் பசி எத்தனை மணிக்கு வந்தது? நடுவில் எத்தனை முறை கொறித்தீர்கள்? 11 மணிப் பசி 12.30-க்குத் தள்ளிப்போயிருந்தால் வழி சரி. மாற்றமே இல்லை என்றால் தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடிப் பசி எடுக்கும்.

இங்கே தவறிவிடாதீர்கள்

புரதத்தை வழக்கமான உணவின் மேல் அப்படியே ஏற்றாதீர்கள். ஒன்றைச் சேர்க்கும்போது சோற்றிலோ தின்பண்டத்திலோ ஒன்று குறைய வேண்டும். மேலும் மேலும் கூட்டுவதிலும் பயனில்லை. அதே சிட்னி ஆய்வில் புரதம் 15 சதவீதத்திலிருந்து 25 ஆனபோது மொத்த உணவு அதற்குமேல் குறையவில்லை. ஏற்கெனவே பசி குறைந்துபோன முதியவர்களுக்கு நோக்கமே வேறு. அவர்கள் தசை கரையாமல் இருக்க, இருக்கிற கொஞ்சப் பசியில் முட்டையோ பருப்போ முதலில் உள்ளே போக வேண்டும்.

சித்தி வீட்டு டப்பாவில் இப்போது பொட்டுக்கடலை இருக்கிறது. தீபாவளிக்கு மிக்சரும் இருந்தது, ஆசையாகச் சாப்பிட்டார். போன வாரம் போனில் பேசும்போது, "இன்னைக்கு மணி பன்னெண்டாகியும் டப்பா ஞாபகமே வரலப்பா" என்றார். தன்னை நொந்துகொள்ளும் குரல் அதில் இல்லை.

நீங்களும் இன்று இரவு படுக்கும் முன் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். உங்களுக்கும் சேர்த்து.