வானத்துக்கு ஒரு பெரட்டுப் பட்டியல்



2025 செப்டம்பர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று ராத்திரி முழுச் சந்திர கிரகணம் வந்தது. 9.57க்குப் பூமியின் நிழல் சந்திரன் மேல் ஏறத் தொடங்கியது. 11 மணியிலிருந்து 12.22 வரை சந்திரன் முழுசாக நிழலுக்குள் இருந்து செம்பு நிறமானது. 1.26க்கு நிழல் விலகி முடிந்தது. நம் லயங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? சிலருக்கு விடிந்தால் பெரட்டு. சில வீடுகளில் கர்ப்பிணித் தாய் இருக்கிறாரென்று கதவைச் சாத்திவிட்டார்கள். தெரணியகலைப் பக்கம் மழைக்கும் முகிலுக்கும் குறைச்சல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"போனது போனதுதானே, இனி எப்படிப் பாக்கிறது?" என்று கேட்பீர்கள். பாக்கலாம். அந்த ராத்திரியை நம்ம ஊர் வானத்திலேயே, நிமிஷக் கணக்குப் பிசகாமல், கணனியில் திரும்பக் கொண்டு வரலாம். அதுவும் நம்ம புள்ளைகள் கையாலேயே. அதைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

இது என்ன மென்பொருள்?

இதன் பெயர் ஸ்டெல்லேரியம். பிரான்ஸ் நாட்டு ஃபபியன் ஷெரோ என்பவர் 2001இல் தொடங்கிய வேலை. பிறகு பல நாட்டார் சேர்ந்து வளர்த்தார்கள். காசு இல்லை, யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஒரு தரம் கணனியில் ஏற்றிவிட்டால் அப்புறம் இன்டர்நெட் வேண்டியதில்லை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. பூமியை விட்டு வெளியே பறந்து போய்ப் பார்க்க செலஸ்டியா என்ற இன்னொன்றும் உண்டு. அதுவும் 2001இல் வந்தது, அதுவும் இலவசம். நாம் முதலில் நம்ம முற்றத்தில் நின்று பார்க்கப் பழகுவோம்.

கொழும்பில் 1965இல் திறந்த கோள்மண்டலம் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே போக பஸ் செலவு வேண்டும், கூட்டிப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் போகும். போனாலும் அங்கே காட்டுவதைத்தான் பார்க்கலாம். இங்கே எதைக் காட்டுவது என்று முடிவு பண்ணுவது நாம்.

முதல் படி: எங்கே நிற்கிறோம், எப்போது நிற்கிறோம்?

வானம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் தெரியாது. ஆகையால் முதலில் இடம். எஃப் 6 விசையை அமுக்கினால் இடத்துக்கான ஜன்னல் திறக்கும். பட்டியலில் தெரணியகலை இல்லாவிட்டால் இலக்கத்தை நாமே அடிக்கலாம். அகலக்கோடு வடக்கு 6.93, நெட்டாங்கோடு கிழக்கு 80.34. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மாறினால் வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் நிற்போம்! நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அதையே எப்போதும் உள்ள இடமாக்கிச் சேமியுங்கள்.

அடுத்தது நேரம். எஃப் 5 விசை. வருடம், மாதம், நாள், மணி, நிமிஷம் எல்லாவற்றையும் நாம் விரும்பியபடி வைக்கலாம்.

இரண்டாம் படி: பார்வையைத் திருப்புவது

அம்புக்குறி விசைகள் தலையைத் திருப்புவதற்கு. பேஜ் அப் கிட்டே கொண்டு வரும், பேஜ் டவுன் தூரமாக்கும். எஃப் 3 அமுக்கி ஒரு பெயரைக் கொடுத்தால் அதைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் விசை. நட்சத்திரக் கூட்டங்களின் கோடுகளுக்கு சி எழுத்து. நிலத்தை மறைக்க ஜி, பகல் வெளிச்சத்தை நீக்க ஏ. இன்னொரு தரம் அதே எழுத்தை அமுக்கினால் பழையபடி வந்துவிடும்.

சின்னப் பயிற்சி ஒன்று. துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதன் உயரம் ஏறக்குறைய 7 பாகை என்று காட்டும். நம்ம அகலக்கோடும் ஏறக்குறைய 7தான். இது தற்செயல் இல்லை. வடக்கே போகப் போக அந்த நட்சத்திரம் அதே அளவு உயரும். அந்தக் காலத்து மாலுமிகள் கடலில் தாங்கள் இருந்த இடத்தை இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். நமக்கு அது மலைக்குப் பின்னால் ஒளிந்து கொள்வதால் வெறும் கண்ணுக்குக் கிடைப்பது கஷ்டம். ஜி அமுக்கி மலையையே எடுத்துவிட்டுப் பாருங்கள்!

மூன்றாம் படி: நேரத்தை ஓட்டுவது

எல் எழுத்து நேரத்தை வேகமாக்கும். இரண்டு மூன்று தரம் அமுக்கினால் இன்னும் வேகம். ஜே எழுத்து வேகத்தைக் குறைக்கும். குறைத்துக்கொண்டே போனால் நேரம் பின்னோக்கி ஓடும். கே சாதாரண வேகம். 7 அமுக்கினால் நேரம் நிற்கும். 8 அமுக்கினால் இந்த நிமிஷத்துக்கு வந்துவிடும். வழி தவறினால் பயப்பட வேண்டாம். 8, பிறகு கே. அம்புட்டுதான்.

நான்காம் படி: ஸ்கிரிப்ட்

இதுவரை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கினோம். இனி எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்து, கணனியையே செய்ய வைப்போம். அப்படி எழுதுவதுதான் ஸ்கிரிப்ட்.

நமக்கு இது புது விஷயம் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஐயா என்ன செய்கிறார்? இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, இத்தனை பேர் மருந்தடிக்க என்று பட்டியலை வாசிக்கிறார். எழுதியபடி வேலை நடக்கிறது. ஸ்கிரிப்டும் ஒரு பெரட்டுப் பட்டியல்தான். வேலைக்குப் போவது மட்டும் கணனி.

எஃப் 12 அமுக்கினால் ஸ்கிரிப்ட் எழுதும் ஜன்னல் வரும். கிரகணத்துக்கு ஆறு கட்டளைகள் போதும்.

1. திகதியை 2025 செப்டம்பர் 7, இரவு 9.50 ஆக வை. ('செட் டேட்' கட்டளை)
2. சந்திரனைத் தெரிவு செய். (பெயரை இங்கிலீசில் 'மூன்' என்று எழுத வேண்டும்)
3. அதை நடுவில் கொண்டு வந்து பின்தொடர்.
4. 1 பாகை அகலத்துக்குக் கிட்டே கொண்டு வா. (சந்திரனின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை, ஆகவே நன்றாக நிறைந்து தெரியும்)
5. நேரத்தை 300 மடங்கு வேகமாக்கி, 44 விநாடி பொறுத்திரு. ('செட் டைம் ரேட்', பிறகு 'வெயிட்')
6. வேகத்தைப் பழையபடி 1 ஆக்கு.

44 எங்கிருந்து வந்தது? 300 மடங்கு என்றால் ஒரு விநாடியில் 5 நிமிஷம் ஓடும். 9.50லிருந்து 1.30 வரை 220 நிமிஷம். 220ஐ 5ஆல் வகுத்தால் 44. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான்.

கட்டளைகளின் சரியான இங்கிலீசு எழுத்துக்களை எங்கள் மையத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றத் தோட்டத்தார் எஃப் 2 அமுக்கி, ஸ்கிரிப்ட் என்ற பக்கத்தைப் பார்க்கவும். மென்பொருளோடு வரும் மாதிரிகள் அங்கே இருக்கும். அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்து, பிறகு எஃப் 12 ஜன்னலில் திறந்து, ஒரே ஒரு இலக்கத்தை மாற்றித் திரும்ப ஓட்டுங்கள். என்ன மாறியது என்று கவனியுங்கள். பழகுவதற்கு இதை விட நல்ல வழி இல்லை.

நாங்கள் விட்ட பிழைகள்

எங்கள் மையத்தில் முதல் நாள் ஸ்கிரிப்டை ஓட்டினோம். பெற்றோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரன் வந்தது, பளபளவென்று. ஆனால் கிரகணமே இல்லை! ஒரு ஆச்சி, "அதுக்குள்ள பாம்பு துப்பிட்டுப் போயிருச்சா?" என்று கேட்க, எல்லோருக்கும் சிரிப்பு. எங்களுக்கு வெட்கம்.

பிழையைக் கண்டுபிடித்தது சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை. இனி படிப்பு நமக்கு எதுக்கு என்று சொல்லிக் கொண்டிருந்த பிள்ளைதான். "மணி கீழே 3.20 என்று காட்டுதே" என்றது. திகதிக் கட்டளையில் 'உள்ளூர் நேரம்' என்று சொல்லாவிட்டால் கணனி அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம்ம நேரம் அதை விட ஐந்தரை மணி முந்தியது. இரவு 9.50 என்று நாங்கள் எழுதியதை அது விடியற்காலை 3.20 ஆக்கிவிட்டது. கிரகணம் முடிந்து போன நேரம். திகதிக்குப் பிறகு 'லோக்கல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம். எல்லாம் சரியானது.

பார்க்க வேண்டிய வேறு இடங்கள்: பொறுத்திருக்கும் கட்டளையை மறந்தால் எல்லா வேலையும் ஒரு நொடியில் நடந்து, நீங்கள் ஒன்றும் பார்க்க மாட்டீர்கள். அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ ஒன்று குறைந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஓடாது. அது கணனியின் கோபம் இல்லை. நாம் எழுதியதைத் தவிர வேறெதையும் அது செய்யாது, அவ்வளவுதான்.

கிரகணத்துக்குப் பயப்பட வேண்டுமா?

அந்த 44 விநாடியைப் பார்த்த தாய்மார் பலர் இதைக் கேட்டார்கள். சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரனில் விழுவது. அவ்வளவே. வெறும் கண்ணால் பார்க்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. கர்ப்பிணித் தாயைச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்காக வைத்திருப்பதுதான் தீங்கு. ஆனால் சூரிய கிரகணத்தை ஒருபோதும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, சட்டியில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் எதுவும் பாதுகாப்பு இல்லை. அதற்கென்று செய்த கிரகணக் கண்ணாடி வேண்டும். கணனியில் பார்ப்பதற்குப் பயம் வேண்டாம்.

வீட்டுப் பாடம்

ஒன்று: ஸ்கிரிப்டில் திகதியை 2019 டிசம்பர் 26, காலை 8 மணி ஆக்குங்கள். சந்திரனுக்குப் பதில் சூரியன், இங்கிலீசில் 'சன்'. தெரணியகலையில் ஓட்டிப் பாருங்கள். பிறகு எஃப் 6இல் யாழ்ப்பாணத்துக்கு மாற்றி ஓட்டுங்கள். அங்கே மோதிரம் போல வளையம் வரும், இங்கே வராது. ஏன்? இரண்டு படத்தையும் கொப்பியில் வரையுங்கள்.

இரண்டு: 1955 ஜூன் 20 காலை இலங்கைக்கு மேல் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை போனது. உங்கள் லயத்தில் அதைக் கண்ட தாத்தா, அம்மாயி யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். பிறகு காலை 7 மணிக்கு நேரத்தை வைத்து ஓட்டி, நம்ம இடத்தில் சூரியன் எவ்வளவு மறைந்தது என்று அவர்களையே கூட்டி வந்து காட்டுங்கள்.

மூன்று: முகில் இல்லாத ஒரு ராத்திரி கணனியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்று பார்த்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். அதே இடத்தில் இருக்கிறதா? கணனி சொன்னதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தலைமுறையாக நாம் பெரட்டில் நம்ம பேரைக் கூப்பிடும் வரை காத்து நின்று பழகியவர்கள். பட்டியல் எழுதும் பேனா வேறு கையில் இருந்தது. இந்தப் பாடத்தில் பட்டியலை எழுதுவது நம்ம புள்ளை. பிழை விடும், திருத்தும், திரும்ப ஓட்டும். அப்போது "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். பிழை கண்டுபிடித்த அந்தப் பிள்ளை இப்போது மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. உயர்தரம் படிக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

வரைந்த கொப்பிகளை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். நாம் சேர்ந்து பார்ப்போம்.