ஓரத்தில் ஒட்டும் ஊதா: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உச்சிவெயிலில் தென்னங்கீற்றை வானத்தோடு சேர்த்து எடுத்தால் கீற்றின் விளிம்பெல்லாம் ஊதாக் கோடு. கல்யாணப் படத்தில் வெள்ளைக்கல் நெக்லஸைச் சுற்றிப் பச்சையும் மெஜந்தாவும். வெள்ளொளியில் உள்ள எல்லா நிறங்களையும் லென்ஸால் ஒரே இடத்தில் குவிக்க முடியாததே பெரும்பாலும் காரணம். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் நிறப்பிறழ்ச்சி. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது. ஆகவே எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்லைடரைத் தொட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. படத்தை 100 சதவீத அளவில் பாருங்கள். முழுப்படமாகப் பார்க்கும்போது கோடு தெரியாது. விளிம்பு ஏதோ மங்கலாக இருப்பதுபோல்தான் படும். மின்கம்பி, ஜன்னல் கிரில், இலை, வெள்ளைச் சட்டைக் காலர் போன்ற வெளிச்சமும் இருட்டும் முட்டும் இடங்களைத் தேடிப் பாருங்கள்.

2. நடுவையும் மூலையையும் ஒப்பிடுங்கள். நடுவில் சுத்தமாக இருந்து, மூலைக்குப் போகப்போகக் கோடு அகலமானால் அது பக்கவாட்டு வகை. மூலையில் நிற்கும் மின்கம்பத்தில் நடுவைப் பார்த்த பக்கம் சிவப்பு என்றால், வெளிப்பக்கம் நீலப்பச்சையாக இருக்கும். வைடு ஆங்கிள் லென்ஸ்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

3. ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். எஃப் 1.4-இல் மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நீட்டிய கையின் வளையலில் மெஜந்தா, பின்னால் மங்கிய விளக்குகளைச் சுற்றிப் பச்சை என்று இருந்தால் அது ஆழவாட்டு வகை. இது படத்தின் நடுவிலும் வரும்.

4. ஆழவாட்டு வகைக்கு அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடுங்கள். எஃப் 1.4-இலிருந்து 2.8 அல்லது 4-க்குப் போனால் பெருமளவு அடங்கும். பக்கவாட்டு வகை இதனால் குறையாது. அதற்கு முக்கியமானவர்களைச் சட்டகத்தின் மூலைக்குத் தள்ளாமல் நிறுத்துவதே வழி.

5. வானம் வெளிறிவிடாமல் எக்ஸ்போஷர் வையுங்கள். வெளிறிய வானத்தை ஒட்டிய கிளைகளில்தான் ஊதா மிக அழுத்தமாக ஏறும். ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டினால் சற்றுக் குறைத்து எடுங்கள்.

6. வகைக்கேற்ற கருவியை எடுங்கள். லைட்ரூமில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் ‘ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷன்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் பக்கவாட்டு வகை பெரும்பாலும் போய்விடும். ஆழவாட்டு வகைக்கு மேனுவல் பகுதியிலுள்ள ‘டிஃபிரிஞ்ச்’ தேவை. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஐட்ராப்பரால் அந்த ஊதாக் கோட்டின் மேலேயே கிளிக் செய்யுங்கள். இலவச மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டிலும் இதற்கான கருவிகள் உண்டு.

செய்யக்கூடாதவை

1. டிஃபிரிஞ்ச் ஸ்லைடரை எடுத்த எடுப்பில் 20 வரை இழுக்காதீர்கள். எது கோடு, எது புடவை என்று மென்பொருளுக்குத் தெரியாது. கத்திரிப்பூ நிறப் பட்டின் கரை, ஊதாப் பூமாலை, உதட்டுச்சாயம் எல்லாவற்றின் விளிம்பும் சாம்பல் பூத்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கி, கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் எந்தெந்த இடம் பாதிக்கப்படுகிறது என்று தெரியும். புடவையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் மேல் மாஸ்க் போட்டு, அங்கு மட்டும் டிஃபிரிஞ்சை மைனஸுக்குக் கொண்டுபோங்கள்.

2. ஊதா நிறத்தின் சாச்சுரேஷனைப் படம் முழுக்கக் குறைக்காதீர்கள். கோட்டோடு சேர்ந்து மற்ற ஊதாக்களும் செத்துவிடும்.

3. ஜேபெக் படத்தை வெட்டிய பிறகு பக்கவாட்டுத் திருத்தம் செய்யாதீர்கள். சிவப்பு, நீல அடுக்குகளைப் படத்தின் மையத்திலிருந்து நுணுக்கமாக விரித்தோ சுருக்கியோதான் அந்தத் திருத்தம் நடக்கிறது. ஒருபக்கமாக வெட்டிவிட்டால் மென்பொருள் நினைக்கும் மையம் லென்ஸின் மையமாக இராது. முதலில் திருத்தம், பிறகு வெட்டு.

4. கோடு இருக்கும்போதே ஷார்ப்பன் செய்யாதீர்கள். விளிம்பைக் கூர்மையாக்கினால் அதில் ஒட்டியிருக்கும் ஊதாவும் கூர்மையாகிவிடும்.

5. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் தப்பித்தோம் என்று எண்ணாதீர்கள். நிறம் போகும்; அந்த இடத்தில் சாம்பல் நிழலாக ஒரு கசிவு நிற்கும். நிறத்திலேயே திருத்திவிட்டு மாற்றுங்கள்.

6. கேமரா திரையில் பார்த்துவிட்டு லென்ஸில் குறையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பல கேமராக்கள் ஜேபெக்கில் பக்கவாட்டுக் கோட்டைத் தாமாகவே நீக்கிவிடுகின்றன. ரா ஃபைலைத் திறக்கும்போதுதான் லென்ஸின் உண்மைக் குணம் தெரியவரும்.

7. இதற்காக உடனே புது லென்ஸ் வாங்க ஓடாதீர்கள். நிறச்சிதறல் குறைந்த ‘ED’ கண்ணாடியும் ஃப்ளோரைட்டும் சேர்ந்த லென்ஸ்களில் குறை குறைவு, விலை அதிகம். அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

எல்லாப் படத்துக்கும் இந்தப் பாடு தேவையா? 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் சுமார் 6,000 பிக்சல். இன்ஸ்டாகிராமுக்கு 1,080 பிக்சலாகச் சுருங்கும்போது, மூன்று பிக்சல் கோடு ஒரு பிக்சலுக்கும் குறைவாகி மறைந்துவிடும். அதே படம் 12×36 அங்குல ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரிந்தால் அந்தக் கோடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் படும். எனவே அச்சுக்குப் போகும் படங்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். உங்கள் நேரத்தை அவற்றுக்குச் செலவிடுங்கள்.